வெளியில் மாட்டிய 3டி பிரிண்ட் பெட்டிக்குள் தண்ணீர்: முழுக்க அடைப்பதா, மூச்சு விட விடுவதா?

மழைமானி:
வணக்கம். தோட்டத்துக் கம்பத்தில் ஒரு சென்சார் நோடு மாட்டியிருக்கிறேன். இஎஸ்பி32 வைஃபை போர்டு, ஒரு 18650 லித்தியம் செல், சின்ன சோலார் பேனல், மண் ஈரம் பார்க்க இரண்டு ப்ரோப். பெட்டி பிஇடிஜி பிளாஸ்டிக்கில் நானே பிரிண்ட் செய்தது, உள்ளளவு ஏறக்குறைய ஒரு லிட்டர். மூடிக்கு டிபியு என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கில் பிரிண்ட் செய்த கேஸ்கெட், நான்கு மூலைக்கும் எம்3 ஸ்க்ரூ, ஒவ்வொரு கேபிளுக்கும் அடிப்பக்கம் தனித்தனி பிஜி7 கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடித்துத் துளையை அடைக்கும் மரை). மாட்டும் முன் உள்ளே டிஷ்யூ பேப்பர் வைத்து வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன். சொட்டுகூட நுழையவில்லை.

மழை ஓய்ந்து திறந்தால் மூடியின் உட்புறம் முழுக்கத் துளிகள், அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர். யூஎஸ்பி சாக்கெட் ஓரம் பச்சை பூத்திருக்கிறது. பேட்டரி வோல்டேஜ் அளவும் இரவில் தாறுமாறாக இறங்கி, பகலில் தானாகச் சரியாகிறது. எல்லா இணைப்பிலும் சிலிகான் பூசி மொத்தமாக அடைத்துவிடலாமா என்று யோசனை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நூல்சுருள்:
முதலில் சுவரைப் பாருங்கள். பிரிண்ட் செய்த சுவர் பார்வைக்குத்தான் கெட்டி. லேயருக்கும் லேயருக்கும் நடுவே முடியளவு வழிகள் இருக்கும், தண்ணீர் அதில் தானாகவே ஊறி ஏறும். சுவருக்கு எத்தனை சுற்று விட்டீர்கள்? நான்குக்குக் குறையாமல் விடுங்கள். நாசில் சூட்டை வழக்கத்தைவிட ஐந்து, பத்து டிகிரி ஏற்றி, ஃபேனைக் குறைத்து, ஃப்ளோவை 102 முதல் 105 சதவீதம் வரை வைத்தால் லேயர்கள் நன்றாக உருகி ஒட்டும். சீம், அதாவது ஒவ்வொரு சுற்றும் தொடங்கி முடியும் கோடு, எங்கே விழுகிறது என்பதையும் பாருங்கள். மூடி உட்காரும் விளிம்பில் சீம் வந்தால் அது ஒரு கால்வாய்தான்.

ஏபிஎஸ், ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் என்றால் அசிட்டோன் ஆவி காட்டி மேற்பரப்பை உருக்கி மூடலாம். பிஇடிஜி-க்கு அந்த வைத்தியம் செல்லாது. உட்புறம் மெல்லிய எபாக்சி பூசலாம்.

மழைமானி:
நான்கு சுற்றுதான், சீம் பின்பக்க மூலையில். சுவரே கசிந்திருந்தால் வாளியிலேயே தெரிந்திருக்குமே?

ஈயப்பற்று:
சுவரை இப்போதைக்கு விட்டுவிடலாம். அந்த ஸ்பூன் தண்ணீரை வைத்து ஒரு கணக்குப் போடுவோம், வழி அதிலேயே தெரியும்.

30 டிகிரியில் காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் ஒரு கனமீட்டருக்கு சுமார் 30 கிராம் நீராவிதான் தாங்கும். அப்படியானால் ஒரு லிட்டர் பெட்டிக்குள் சிக்கிய காற்றில் இருக்கக்கூடியது அதிகபட்சம் 30 மில்லிகிராம். ஒரு சொட்டுத் தண்ணீரே 50 மில்லிகிராம் அளவில் வரும். மூடும்போது அடைபட்ட காற்று மொத்தமும் வியர்த்தாலும் ஒரு சொட்டு தேறாது.

அடுத்து பெட்டியின் மூச்சு. 25 டிகிரியில் இருந்த பெட்டி வெயிலில் 55-க்கு ஏறினால் உள்காற்று பத்தில் ஒரு பங்கு விரிகிறது. விரிந்த காற்று எந்த இடுக்கு வழியாகவாவது மெல்ல வெளியேறிவிடும். சாயங்காலம் திடீரென மழை பிடித்துப் பெட்டி குளிர்ந்தால் அதே அளவு வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். உங்கள் பெட்டிக்கு அது ஏறக்குறைய 100 மில்லி. வருவது காற்றாக மட்டும் இருந்தால், நல்ல ஈரக் காற்றிலும் அந்த 100 மில்லியில் இரண்டு, மூன்று மில்லிகிராம் நீராவிதான் இருக்கும். தினமும் இப்படி நடந்தாலும் ஒரு ஸ்பூன், அதாவது ஐந்து கிராம், சேர வருஷக்கணக்கில் ஆகும்.

உங்களுக்கு ஒரே மழைக்காலத்தில் சேர்ந்திருக்கிறது. ஆகவே வந்தது நீராவி இல்லை, தண்ணீராகவே உறிஞ்சப்பட்டு வந்திருக்கிறது. மூடியில் தொங்கும் துளிகள், அடியில் தேங்கிய அந்தத் தண்ணீர் பகலில் ஆவியாகி இரவில் மேலே படிந்தவை.

உறிஞ்சும் பலம் எவ்வளவு என்று பாருங்கள். 55-லிருந்து 25-க்கு இறங்கும்போது, உள்ளே காற்று நுழைய வழி இல்லையென்றால் அழுத்தம் சுமார் 9 கிலோபாஸ்கல் குறையும். தண்ணீர் உயரத்தில் சொன்னால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். நீங்கள் வாளியில் எவ்வளவு ஆழம் அமுக்கினீர்கள்? பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் இருக்குமா? மழை தந்த சோதனை அதைப்போல் ஆறேழு மடங்கு கடுமை. தூசியும் தண்ணீரும் புகாது என்று தரும் ஐபி67 முத்திரைக்கு ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் வைத்துப் பார்க்கிறார்கள். வெயில் காய்ந்த பெட்டியின் மேல் விழும் ஒவ்வொரு மழையும் கிட்டத்தட்ட அந்தச் சோதனைதான்.

நீங்கள் நினைப்பதுபோல் இன்னும் இறுக்கமாக அடைத்தால், மிச்சமிருக்கும் ஒரே ஓட்டையில் அத்தனை உறிஞ்சலும் போய் நிற்கும். மழை நேரத்தில் அந்த ஓட்டை தண்ணீருக்குள் இருந்துவிட்டால் கதை முடிந்தது.

மழைமானி:
இந்தக் கோணம் தோன்றவேயில்லை. அந்த ஓட்டை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈயப்பற்று:
போர்டையும் பேட்டரியையும் கழற்றிவிடுங்கள். பெட்டியைத் திறந்தபடியே வெயிலில் வைத்து நன்றாகச் சூடேறியதும், சூடோடு மூடி ஸ்க்ரூ முடுக்கிக் குளிர்ந்த தண்ணீரில் அமுக்குங்கள். ஒவ்வொரு கிளாண்ட் அருகிலும், கேஸ்கெட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனித் துண்டு டிஷ்யூ ஒட்டி வைத்தால் எந்தப் பக்கம் முதலில் நனைகிறது என்று தெரியும். டிஷ்யூவில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு வையுங்கள், சின்ன ஈரம்கூட மை பரவிக் காட்டிக்கொடுக்கும். பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் பெட்டி வைத்திருப்பவர்கள் இதில் கவனம், 60 டிகிரியை நெருங்கும்போதே அது வளையத் தொடங்கும்.

தலைகீழாகவும் செய்யலாம். ஊசி போடும் சிரிஞ்சால் உள்ளே கொஞ்சம் காற்றை ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினால், குமிழி வரும் இடம் கசிவு.

கம்பிவடம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் கேஸ்கெட்டையே பார்க்கிறீர்கள். அந்த ப்ரோப் கேபிள் என்ன கேபிள்? பல இழைக் கம்பியா?

மழைமானி:
ஆமாம், மூன்று ஒயர் உள்ள வட்டக் கேபிள். ஒவ்வொரு ஒயரும் பல இழை. ப்ரோப் பக்க முனையில் ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போட்டிருக்கிறேன்.

கம்பிவடம்:
பசை உள்ள ஷ்ரிங்கா, சாதாவா?

மழைமானி:
சாதா.

கம்பிவடம்:
அப்படியென்றால் என் சந்தேகம் அங்கேதான். கிளாண்ட் கேபிளின் வெளித்தோலைத்தான் பிடிக்கிறது. தோலுக்குள்ளே ஒயர்களுக்கு நடுவில் சந்து இருக்கிறது, ஒவ்வொரு ஒயரிலும் இழைகளுக்கு நடுவில் இன்னும் மெல்லிய சந்து இருக்கிறது. மறுமுனை எங்கே இருக்கிறது? ஈர மண்ணில்! பெட்டி மாலையில் மூச்சை இழுக்கும்போது, கேபிளே ஸ்ட்ரா ஆகிவிடும். ஒரு மீட்டர் தண்ணீரை இழுக்கும் உறிஞ்சல் இருந்தால், கம்பத்தில் இடுப்பு உயரத்தில் இருக்கும் பெட்டிக்கு அது தாராளம். சொட்டச் சொட்ட மேலே வந்துவிடும்.

சோதிப்பது சுலபம். கேபிளைக் கழற்றி, பெட்டிப் பக்க முனையில் ஒரு சின்ன ரப்பர் குழாயை இறுக்கிச் சிரிஞ்சால் காற்றைத் தள்ளுங்கள். மறுமுனை தண்ணீரில் இருக்கட்டும்.

நூல்சுருள்:
கேபிள் வழியாகவா? கொஞ்சம் மிகையாகத் தெரிகிறது. டிபியு கேஸ்கெட்டில்தான் பிரச்சினை என்று பந்தயம் கட்டுகிறேன். பிரிண்ட் செய்த கேஸ்கெட்டின் மேல்பரப்பில் கோடு கோடாக வரப்பு இருக்கும், அந்தக் கோடுகள் உள்ளிருந்து வெளியே ஓடினால் ஒவ்வொன்றும் ஒரு வாய்க்கால். மூலையில் மட்டும் நாலு ஸ்க்ரூ என்றால் நீளப் பக்கத்தின் நடுவில் மூடி மேலே வளையும். அங்கே கேஸ்கெட் அழுந்தியே இருக்காது.

மழைமானி:
இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். சூட்டோடு அமுக்கியபோது நீளப் பக்கத்து நடுவில் வைத்த டிஷ்யூவில் மை லேசாகப் பரவியது, ஆகவே நூல்சுருள் சொன்னது சரி. ஆனால் கேபிளில் சிரிஞ்சை அழுத்தியதும் ப்ரோப் முனையில் வரிசையாகக் குமிழி! இரண்டு கேபிளிலும் அதேதான். பெட்டிப் பக்கம் தோலைச் சீவிப் பார்த்தால் செம்பு இழைகள் கறுத்துப்போயிருக்கின்றன, ஒரு விரல் நீளத்துக்கு மேல்.

கம்பிவடம்:
கறுத்த இழை என்றால் தண்ணீர் அந்த வழியில் பல நாளாகப் போய்வந்திருக்கிறது. அந்தக் கேபிளைத் தூக்கிப் போடுங்கள், சாலிடர்கூட அதில் ஒட்டாது.

புதுக் கேபிளில் இரண்டு வேலை. ப்ரோப் முனையில் உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள், சூட்டில் பசை ஓரத்தில் பிதுங்கி வர வேண்டும். பெட்டிக்குள் நுழைந்தபின், ஒவ்வொரு ஒயரிலும் ஒரு சென்டிமீட்டர் இன்சுலேஷனை உரித்து, இழைகளுக்குள் சாலிடர் முழுக்க ஊறும்படி உருக்கி ஒரே கம்பியாக்கி, அதன் மேலும் பசை ஷ்ரிங்க் ஒன்று. இழை வழி அங்கே அடைபடும். ஒயர்கள் பிரியும் இடத்தில் வெளித்தோலின் வாயையும் எபாக்சி வைத்து அடையுங்கள். பெட்டிக்கு வெளியே கேபிள் கிளாண்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலேறி நுழைய வேண்டும். வழியும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும்.

பிஜி7 கிளாண்ட் மூன்றிலிருந்து ஆறரை மி.மீ. வரை உள்ள ஒரு வட்டக் கேபிளுக்குத்தான். சோலார் பேனலின் இரட்டை ஒயரைத் தட்டையாக அப்படியே நுழைத்திருந்தால் நடுவில் பள்ளம் நிற்கும், அதையும் பாருங்கள்.

நூல்சுருள்:
சரி, கேபிள் விஷயத்தில் கம்பிவடம் ஜெயித்தார். பந்தயம் தோற்றேன் என்றுகூடச் சொல்ல முடியாது, பாதிதான்.

கேஸ்கெட்டுக்கு என் யோசனை: டிபியு வேண்டாம். 3 மி.மீ. சிலிகான் வடம் வாங்கி, பெட்டி விளிம்பில் 4 மி.மீ. அகலம், 2.2 மி.மீ. ஆழத்தில் பள்ளம் விடுங்கள். வடம் கால் பங்கு அழுந்தும், பக்கவாட்டில் பரவவும் இடம் இருக்கும். ரப்பரை அழுத்தினால் கன அளவு குறையாது, வேறு பக்கம்தான் பிதுங்கும். அந்த இடம் விடாமல் பள்ளத்தைக் கச்சிதமாகச் செய்தால் மூடி உட்காராது. மூடியைக் கண்ணாடி பெட்டில் முகம் கவிழ்த்து பிரிண்ட் செய்தால் வடத்தின் மேல் உட்காரும் முகம் வழவழப்பாகக் கிடைக்கும். நீளப் பக்கத்துக்கு நடுவில் கூடுதல் ஸ்க்ரூ. எல்லா ஸ்க்ரூவும் வடத்துக்கு வெளிப்புறம் இருக்கட்டும், துளை உள்ளே ஊடுருவக் கூடாது.

இதையெல்லாம் செய்துவிட்டு உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்டு மூடினால் போதும். மூச்சு விட ஓட்டை எதற்கு?

ஈயப்பற்று:
இங்கேதான் நமக்கு ஒத்துவராது, நூல்சுருள். முதல் நாள் அது ஒழுகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் பிளாஸ்டிக் காலப்போக்கில் தொய்யும். வெயில் படும் பிஇடிஜி-யில் இன்னும் சீக்கிரம். வடத்தின் அழுத்தம் தளரும், உறிஞ்சல் மட்டும் தினமும் அப்படியே இருக்கும்.

இன்னொன்று, சுவரே ஒரு ஈரக் கிடங்கு. 150 கிராம் எடையுள்ள பெட்டி ஆயிரத்தில் இரண்டு பங்கு ஈரம் பிடித்திருந்தாலே 300 மில்லிகிராம், உள்காற்று தாங்குவதைப்போல் பத்து மடங்கு. நைலானாக இருந்தால் கேட்கவே வேண்டாம். வெயிலில் சுவர் அந்த ஈரத்தை உள்ளே கக்கும். எந்தப் பிளாஸ்டிக்கும் நீராவியை முழுக்கத் தடுப்பதில்லை, மெதுவாக விட்டுக்கொண்டேதான் இருக்கும். சிலிகா ஜெல் நிறைந்ததும் யார் போய் மாற்றுவது? மாற்றத் திறந்தால் புது ஈரம்.

என் வழி, மூச்சு விட ஒரு நேர்மையான வாசல் வைப்பது. பிடிஎஃப்இ (டெஃப்ளான்) சவ்வு வைத்த வென்ட் பிளக் கிடைக்கிறது, எம்12 மரையில் கிளாண்ட் போலவே முடுக்கலாம். காற்றும் நீராவியும் போகும், தண்ணீர் போகாது. உள்ளும் வெளியும் அழுத்தம் சமமாகிவிட்டால், கேஸ்கெட் மேல் நிற்கும் மழைநீரை உள்ளே தள்ள ஆளில்லை. சுமாரான கேஸ்கெட்டும் அப்போது பிழைத்துக்கொள்ளும்.

நூல்சுருள்:
வென்ட் வைத்தால் ஈரக் காற்று தாராளமாக நுழையுமே? அதிகாலையில் உள்ளே வியர்க்காதா?

ஈயப்பற்று:
வியர்க்கும். சில அதிகாலைகளில் மெல்லிய படலமாக. பகலில் அதே வாசல் வழியாகக் காய்ந்தும்விடும். மில்லிகிராம் கணக்கில் வந்துபோகும் படலத்தைப் போர்டுக்குப் பூச்சு போட்டுச் சமாளிக்கலாம், ஸ்பூன் கணக்கில் தேங்கும் தண்ணீரை எதுவும் சமாளிக்காது. வென்ட் வைத்த பெட்டியில் சிலிகா ஜெல் வீண், ஊருக்கெல்லாம் ஈரம் உறிஞ்சி சில நாளில் நிறைந்துவிடும்.

சாலிடர்புகை:
பூச்சு பற்றிப் பேச்சு வந்ததால் வருகிறேன். மழைமானி, உங்கள் பேட்டரி அளவு இரவில் இறங்குவதற்குக் காரணமும் அந்தப் படலம்தான் என்று நினைக்கிறேன். பேட்டரி வோல்டேஜை அளக்கப் பிரித்துக் கொடுக்கும் வோல்டேஜ் டிவைடரில் என்ன ரெசிஸ்டர்?

மழைமானி:
இரண்டும் 1 மெகாஓம். பேட்டரி வீணாகக் கூடாது என்று பெரிதாக வைத்தேன்.

சாலிடர்புகை:
கீழ் ரெசிஸ்டரின் மேல் ஈரமும், சாலிடர் செய்தபோது மிஞ்சிய ஃப்ளக்ஸ் அழுக்கும் சேர்ந்து 5 மெகாஓம் அளவுக்கு ஒரு கசிவுப் பாதை போட்டால், அது 0.83 மெகாஓம் ஆகிவிடும். 4.0 வோல்ட் பேட்டரி 3.64 என்று காட்டும். வெயில் வந்து காய்ந்ததும் தானாகச் சரியாகும். நீங்கள் சொன்ன அறிகுறி அப்படியே பொருந்துகிறது.

போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பிரஷும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள். ஃப்ளக்ஸ் மேலேயே கோட்டிங் அடித்தால் அழுக்கையும் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டியதாகும். காய்ந்தபின் கன்ஃபார்மல் கோட்டிங் (போர்டை ஈரத்திலிருந்து காக்கும் மெல்லிய பூச்சு), ஒரே தடிப்பாக வேண்டாம், மெல்லியதாக இரண்டு கோட். அக்ரிலிக் வகை என்றால் பின்னால் பழுது பார்க்கக் கரைத்து எடுக்கலாம், சிலிகான் வகை சூட்டையும் வளைவையும் நன்றாகத் தாங்கும். யூஎஸ்பி சாக்கெட், பட்டன், செல் ஹோல்டரின் தொடுமுனை இவற்றுக்கெல்லாம் முதலில் டேப் ஒட்டி மறையுங்கள். வெப்பமும் ஈரமும் பார்க்கும் பிஎம்இ280 மாதிரி சென்சார் இருந்தால் அதன் மேல் உள்ள குட்டித் துளையைக் கட்டாயம் மறைக்க வேண்டும், பூச்சு போனால் சென்சார் செத்தது.

சிலிகான் பூசி அடைக்க நினைத்தீர்களே, அதில் ஒரு எச்சரிக்கை. காயும்போது வினிகர் வாசனை வரும் சிலிகான் அசிட்டிக் அமிலத்தை விடுகிறது, செம்பை அரிக்கும். மூடிய பெட்டிக்குள் அது போக வழியே இல்லை. போர்டு பக்கத்தில் பூசுவதென்றால் நியூட்ரல் க்யூர் என்று போட்டிருப்பதைப் பாருங்கள்.

பழைய_மல்டிமீட்டர்:
நானும் ஒரு வார்த்தை. ஐபி முத்திரையுள்ள வார்ப்புப் பெட்டி ரெடிமேடாகக் கிடைக்கும்போது ஏன் இந்தப் பாடு? வெளிக்கூட்டை வாங்குங்கள், உள்ளே போர்டைத் தாங்கும் சட்டத்தை மட்டும் பிரிண்ட் செய்யுங்கள். வார்ப்புச் சுவரில் லேயரும் இல்லை, சீமும் இல்லை.

நூல்சுருள்:
அண்ணா, அப்புறம் பிரிண்டர் எதற்கு?

ஈயப்பற்று:
அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் வாங்கிய பெட்டியும் மூச்சு விடும், கேபிளும் அதே கேபிள். ஐபி சோதனையில் தூசியும் தண்ணீரும்தான் பார்க்கிறார்கள், மாதக்கணக்கில் வெயிலும் மழையும் மாறி மாறி வந்து உள்ளே வியர்ப்பதை யாரும் சோதிப்பதில்லை. வென்ட் அதற்கும் வேண்டும்.

மழைமானி:
பிரிண்ட்தான் செய்யப்போகிறேன், இந்த முறை வெள்ளை ஏஎஸ்ஏ. வடப் பள்ளம், ஆறு ஸ்க்ரூ, வென்ட், புதுக் கேபிள். வென்ட்டை எங்கே வைக்க? அடியில்தானே?

ஈயப்பற்று:
அடியில், அல்லது பக்கச் சுவரின் கீழ்ப்பகுதியில் ஒரு சின்னக் கூரை விளிம்போடு. மேல்முகத்தில் வேண்டவே வேண்டாம். சவ்வின் மேல் தண்ணீர் தேங்கினால் காற்று போகாது, உறிஞ்சல் மறுபடி கேஸ்கெட்டையே தேடிப் போகும். அடிப்பக்கம் வைத்தால் கிளாண்டிலிருந்து வழியும் நீர் அதன் மேல் ஓடாதபடி தள்ளி வையுங்கள்.

வெள்ளை நல்ல தேர்வு. இன்னும் ஒன்று செய்யலாம்: பெட்டிக்கு மேலே விரலளவு இடைவெளி விட்டு ஒரு நிழல் தகடு. சோலார் பேனலையே அப்படி மாட்டலாம். சூடு ஏறுவது குறைந்தால் உறிஞ்சலும் குறையும். செல்லுக்கும் நல்லது, 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவதை லித்தியம் செல் விரும்பாது. செல் எப்போதாவது கெட்டு வாயு விட்டாலும் வென்ட் இருப்பது பாதுகாப்பு, இறுக அடைத்த பெட்டிக்குள் லித்தியம் செல் வைப்பது எனக்கு எப்போதும் உறுத்தும்.

சாலிடர்புகை:
போர்டைப் படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள், யூஎஸ்பி வாய் கீழ்நோக்கி. அடியில் ஒரு விரல்கடை இடம் காலியாக விட்டால், ஏதாவது தேங்கினாலும் போர்டைத் தொடாது.

மழைமானி:
உள்ளே ஒரு ஈர சென்சார் வைத்துப் பதிவு செய்தால் கசிவு முன்கூட்டியே தெரியுமா?

ஈயப்பற்று:
தெரியும், ஆனால் ஈரப்பத சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பகலில் பெட்டி சூடானால் 25 காட்டும், விடியலில் 95 காட்டும், உள்ளே இருக்கும் நீராவி அதேதான். வெப்பத்தையும் சதவீதத்தையும் சேர்த்துப் பனிநிலையாக (காற்றிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) மாற்றி வரையுங்கள், வெளியிலும் ஒரு சென்சார் வைத்து ஒப்பிடுங்கள். முதல் சில நாள் சுவரின் ஈரம் வெளியேறும்வரை உள்கோடு மேலே நிற்கும். அப்புறம் இரண்டும் ஒட்டிப் போக வேண்டும். மழைக்குப் பிறகு உள்ளே மட்டும் நாள் முழுக்க உயர்ந்தே நின்றால் எங்கோ தண்ணீர் தேங்கியிருக்கிறது, போய்த் திறந்து பாருங்கள்.

கம்பிவடம்:
திறக்கும்போது முதலில் கேபிள் முனையைத் தொட்டுப் பாருங்கள்.

நூல்சுருள்:
பள்ளம் சரியாக அமைந்ததும் பெட்டி ஃபைலை இங்கே போடுங்கள், மழைமானி. நான் வென்ட் இல்லாமல் ஒன்று, வென்ட்டோடு ஒன்று பிரிண்ட் செய்து, இரண்டிலும் சென்சார் வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டப்போகிறேன். ஈயப்பற்று சொன்னதை நம்பாமல் இல்லை, பனிநிலைக் கோட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஈயப்பற்று:
பாருங்கள். வென்ட் இல்லாத பெட்டியில் சிலிகா ஜெல்லை எடை போட்டு வையுங்கள், அப்போதுதான் கணக்கு நேராகும்.